கூடாரத்துக்குள் இரண்டு நிமிடம்

1871 நவம்பர் 5, ஞாயிறு

எங்கள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் துரையின் மேசைமேல் இன்று ஒரு தேசப்படம் விரித்துக் கிடந்தது. மலையாளக் கரையில் தொடங்கி உதகை, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் பென்சிலால் ஒரு பட்டை இழுத்திருந்தார். டிசம்பர் 12 காலையில் அந்தப் பட்டைக்குள் நிற்பவர்களுக்குச் சூரியன் முழுசாக மறைந்துபோகும். இரண்டே நிமிடம். அதைப் படம்பிடிக்கச் சீமையிலிருந்து வானசாஸ்திரிகள் கப்பலேறி வருகிறார்களாம்.

நடுக்கோடு எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். அவிநாசிக்கு வடக்கே இரண்டு மைல். என் அக்காள் வாழ்க்கைப்பட்ட கருக்கம்பாளையம்!

“நானும் எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கம்பவுண்டர் சென்னியப்பன் இருமல் மருந்து கலக்குவான், புண்ணுக்குக் கட்டுப் போடுவான், சூரியனையும் பிடிப்பானா என்று சிரித்தார். பிறகு, பிடித்தால் முதல் படம் தனக்கு என்றார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். என் சம்சாரம் மயிலாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“சூரியன் முழுசா மறைஞ்சு போச்சுன்னா, அப்பறம் அந்த எடத்துல என்னங்க இருக்கும்?”

“அதத்தான் புள்ள படம் எடுக்கப் போறோம்” என்றேன்.

நவம்பர் 7, செவ்வாய்

படம் எடுக்கும் பெட்டியை இறக்கித் துடைத்தேன். லாயோஷ் துரை கொடுத்துவிட்டுப் போன பெட்டி.

போன வருஷம் ஆனைமலையில் விஷக்காய்ச்சல் கண்டு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரம் கிடந்தவர் அவர். இங்கிலீஷ்காரர் இல்லை, ஹங்கேரி தேசத்தார். செடி கொடி சேகரிக்க வந்தவர். படம் எடுப்பது அவருக்குத் தொழில் இல்லை, பைத்தியம். கட்டிலில் எழுந்து உட்கார முடிந்த அன்றே என்னை ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தார். ஊருக்குப் புறப்பட்டபோது பெட்டியையும் அதில் மாட்டும் இரண்டு கண்ணாடிக் கண்களையும் தகடு தயார் செய்யும் இருட்டுக் கூடாரத்தையும் எனக்கே விட்டுவிட்டார். கூடவே அவர் பாஷையில் எழுதிய ஒரு குறிப்புப் புத்தகம். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது. படங்கள் மட்டும் புரியும். அந்தப் பைத்தியம் எனக்கு எப்படித் தொற்றியது என்று துரைக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

நீளமான கண்ணாடிக் கண்ணைப் பெட்டியில் மாட்டிச் சூரியனைப் பார்த்தேன். பின்பக்கத் திரையில் மிளகளவு விழுகிறது. மிளகளவு போதும்.

நவம்பர் 12, ஞாயிறு

காலையிலிருந்து ஆறு தகடுகள். நான் ஊற்றிய மூன்றும் வீண். மயிலாத்தாள் ஊற்றிய மூன்றும் சுத்தம்.

இந்த வேலையில் எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் ஈதரில் கரைத்த கொலோடியன் பிசினை ஊற்றி, நாலு மூலைக்கும் ஒரே மாதிரி ஓடவிட வேண்டும். அது உறையும் முன் இருட்டுக்குள் வெள்ளி உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். எடுத்த தகட்டை ஈரம் காய்வதற்குள் சட்டத்தில் மாட்டிப் பெட்டியில் செருகி, வெளிச்சம் காட்டி, மறுபடி இருட்டுக்குக் கொண்டுபோய் அன்னபேதி கரைத்த நீரை மேலே விட்டால் படம் எழும். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். காய்ந்தால் போச்சு.

மயிலாத்தாள் ஆப்பச்சட்டியைச் சுழற்றுகிற மாதிரி தகட்டைச் சுழற்றுகிறாள். ஒரு சொட்டு வெளியே சிந்துவதில்லை. பெண்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்தான். கோணம் பார்ப்பது, நேரம் கணிப்பது, அதெல்லாம் என் பொறுப்பு.

நவம்பர் 19, ஞாயிறு

திட்டம் முடிவாகிவிட்டது.

கருக்கம்பாளையத்துக்கு வெளியே ஒரு பாறைமேடு உண்டு. அங்கே பெட்டியும் பக்கத்திலேயே கூடாரமும். கூடாரத்துக்குள் ஒருவர், வெளியே ஒருவர். கிரகணம் முழுசாவதற்கு முன் முதல் தகடு பெட்டிக்குள் தயாராக இருக்கும். இருட்டு விழுந்ததும் வெளியே நிற்பவர் பெட்டியின் கண்ணிலிருந்து மூடியை எடுத்துப் பதினைந்து எண்ணி மூட வேண்டும். அந்தச் சட்டத்தைக் கூடாரத்தின் கைத்துவாரத்தில் கொடுத்து, இரண்டாவது சட்டத்தை வாங்கிச் செருகி மறுபடி எண்ண வேண்டும். இரண்டு நிமிடத்தில் இரண்டு படம்.

கூடாரத்துக்கு மஞ்சள் துணி வைத்த சின்ன ஜன்னல் உண்டு. தகட்டுக்கு அந்த வெளிச்சம் கெடுதல் செய்யாது. ஆனால் சூரியனே போய்விட்டால் ஜன்னலும் கறுத்துவிடுமே! ஈதர் ஆவி இருக்கிற இடத்தில் விளக்கு வைத்தால் கூடாரத்தோடு எரிந்துபோவோம். அப்படியென்றால் உள்ளே இருப்பவர் தடவித் தடவித்தான் செய்யவேண்டும். மயிலாத்தாள் இன்று கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நாலு தரம் செய்து காட்டினாள். நாலும் சரி.

ஐந்தாம் தரம் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். ஈதர் நெடி சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இஞ்சிக் கஷாயம் கொடுத்தேன்.

நவம்பர் 27, திங்கள்

மழை. மழை. மழை. டிசம்பரிலும் இப்படியே பெய்தால் நான் என்ன செய்வேன்?

மயிலாத்தாளுக்கு இன்றும் ஈதர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று நாங்கள் ஈதர் புட்டியைத் திறக்கவேயில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க, கூடாரத்துக்குள்ள இருந்தா ஏதாச்சும் தெரியுமுங்களா?”

“உள்ள வெளிச்சம் வந்தா தகடு கெட்டுப் போகும் புள்ள. எப்படித் தெரியும்?”

“அப்ப நான் பாக்க மாட்டன்.”

“படத்துல பாக்கலாம்.”

அவள் தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கினாள். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ரசத்தில் உப்பு இல்லை.

டிசம்பர் 9, சனி

துரை ஒரு வாரம் லீவு கொடுத்தார். கட்டைவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தகடுகளை வைத்து, அதன்மேல் மயிலாத்தாளின் பழைய சேலைகளைச் சுற்றிக் கருக்கம்பாளையம் கொண்டுவந்து சேர்த்தோம். ஒரு தகடுகூட உடையவில்லை!

அக்காள் நாச்சம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மயிலாத்தாள் வண்டியைவிட்டு இறங்கி நாலடி நடந்ததும் அக்காளின் பார்வை மாறியது.

“எத்தன நாளு புள்ள?” என்று கேட்டாள்.

மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு, “மூணு மாசம் ஆகப்போகுதுங்க நங்கையா” என்றாள்.

நான் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சந்தோஷத்தில் வண்டிக்காரனைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

அக்காள் என்னைத் தனியே கூப்பிட்டாள். “கெரணத்தன்னிக்கு வவுத்துப் புள்ளக்காரியக் கூட்டிட்டு வந்திருக்கறயே, உனக்குப் புத்தி இருக்குதாடா தம்பி? சூரியனப் பாத்துட்டா புள்ள கொறையாப் பொறக்கும். கெழக்காலத் தோட்டத்துக்காரிக்கு உதடு பொளந்து பொறந்துச்சே, மறந்துட்டயா?”

“விஞ்ஞானத்துல அப்படி ஒண்ணும் கெடையாதுக்கா.”

“உன்ற விஞ்ஞானம் உன்னோட. அவ வெளிய வரக் கூடாது.”

“அவ கூடாரத்துக்குள்ளதான் இருக்கப்போறா. சுத்தியும் மூணு மடிப்புக் கறுப்புத் துணி. உன் வீட்டு அறைகூட அவ்வளவு இருட்டு இருக்காது” என்றேன். அக்காள் கூடாரத்தை விரிக்கச் சொல்லி, உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள். எல்லோருக்கும் நல்லதாய் முடிந்தது.

மயிலாத்தாள் அந்தப் பேச்சு முழுவதும் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சேலையை மூன்று தரம் மடித்தாள்.

டிசம்பர் 11, திங்கள்

பாறைமேட்டில் ஒத்திகை. பெட்டியின் கால்களைக் கல் வைத்து இறுக்கினோம். மேற்கே மேகம் கட்டிக்கட்டியாய் நிற்கிறது. நாளைக்கு அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் வானத்தைப் பார்க்கிறேன். கழுத்து வலிக்கிறது.

திரும்பி வரும்போது மயிலாத்தாள் கேட்டாள்: “நம்ம புள்ள பெருசானதுக்கப்பறம், நீ அங்கதான இருந்த, எப்படியாத்தா இருந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றதுங்க?”

நான் மேகத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன். மனசு பேனாவை முந்திக்கொண்டு ஓடுகிறது.

விடியும்போது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை! நானும் மயிலாத்தாளும் மட்டும் மேட்டுக்குப் போனோம். ஊரில் பாதி பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மீதி பேர் முழுக்குப் போடக் குளக்கரைக்குப் போய்விட்டார்கள். அக்காள் வீட்டுக்குள் விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு மணிக்கு முன்பே சூரியனின் மேல் ஓரத்தில் ஒரு கடி விழுந்திருந்தது. புகை பிடித்த கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மயிலாத்தாள் உள்ளே தகடுகளைத் துடைத்து, மருந்துகளை வரிசையாக வைத்தாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இப்ப எப்படிங்க இருக்குது?”

“பாதி போச்சு புள்ள!”

“வெயிலு சுடுதுங்களா?”

“கொறஞ்சு போச்சு. குளுருது.”

“நெறம் என்னங்க?”

நிறம். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. பாறை, புல், என் கை, எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தன. மாலை வெயில் மஞ்சள் இல்லை, நிலா வெள்ளையும் இல்லை. “ஈயம் மாதிரி” என்று கத்தினேன். அது சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

“நெழலு?”

“கூராக் கெடக்குது. என் தலமயிர் ஒண்ணொண்ணும் பாறையில தெரியுது!”

“அப்பறங்க?”

“அப்பறம் காக்கா எல்லாம் மரத்துக்குத் திரும்புது.”

“அப்பறம்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் கேட்கவேயில்லை. உள்ளே கண்ணாடி கண்ணாடியில் படும் சின்னச் சத்தம் மட்டும். முதல் தகட்டை வெள்ளித் தண்ணீரிலிருந்து எடுத்துச் சட்டத்தில் மாட்டுகிறாள். சட்டத்தைக் கைத்துவாரம் வழியாக நீட்டினாள். விரல்கள் வெள்ளி உப்புப் பட்டுக் கறுத்திருந்தன. வாங்கிப் பெட்டியில் செருகினேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நான் வெளியேதான் நின்றிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் என்னால் தாங்கமுடியாததாகிவிட்டது. கூடாரத்தின் வாயைத் தூக்கினேன்.

“வெளிய வா.”

“என்னங்க? தகடு கெட்டுப் போகு—”

“வா புள்ள, நேரமில்ல! இருட்டுனதும் மூடிய எடு, பதினஞ்சு எண்ணு, மூடு. நான் உள்ள பாத்துக்கறன்.”

“நங்கையா…”

“அக்கா வீட்டுக்குள்ள இருக்குது.”

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னை ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். நான் உள்ளே புகுந்து துணியை இறக்கிக் கட்டினேன்.

இனி நான் கண்டது எதுவுமில்லை, கேட்டது மட்டும். மஞ்சள் ஜன்னல் மங்கிக்கொண்டே வந்தது. அவசர அவசரமாக இரண்டாவது தகட்டில் பிசினை ஊற்றித் தண்ணீரில் முக்கினேன். ஜன்னல் பழுப்பாகி, பிறகு இல்லாமலே போயிற்று. என் கையே எனக்குத் தெரியவில்லை. அதே சமயம் குளக்கரையிலிருந்து ஒரே குரலாய் ஒரு சத்தம் எழுந்தது. நூறு பேர் சேர்ந்து மூச்சை இழுத்து விட்டதுபோல. அரோகரா என்று யாரோ அலறினார்கள். எங்கோ நாய் ஊளையிட்டது. பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை.

நான் எண்ணினேன். ஐந்து. பத்து. மூடியை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

“மயிலா! மூடி!”

பதில் இல்லை. இருபது. முப்பது.

“மூடிய எடு புள்ள! மயிலா!”

விழுந்துவிட்டாளோ என்று நினைத்தேன். துணியைக் கிழித்துக்கொண்டு ஓடலாம் என்று கையைத் தூக்கினேன். துணி திறந்தால் தண்ணீரில் கிடக்கும் தகடு போய்விடும். அப்படியே நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் நின்றதில்லை. நாற்பத்தைந்தோ ஐம்பதோ எண்ணியபோது, “ஐயோ சாமி!” என்று அவள் குரலும், டக்கென்று மூடியின் சத்தமும் கேட்டன. பிறகு அவள் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, எண்ணிக்கை நடுங்கவில்லை.

பதினைந்து. மூடி. சட்டம் கைத்துவாரத்தில் வந்தது. நான் தடவித் தடவி இரண்டாவது தகட்டை மாட்டி நீட்டினேன். அவள் அதைச் செருகுவதற்குள் என் கண்ணெதிரே ஜன்னல் மறுபடி மஞ்சளாய்ப் பூத்தது. முடிந்துவிட்டது. குளக்கரையில் ஜனங்கள் தண்ணீரில் விழும் சத்தம்.

நான் வெளியே போகவில்லை. தகடு காயக் கூடாது. மஞ்சள் வெளிச்சத்தில் அன்னபேதி நீரை ஒரே வீச்சில் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று… நடுவில் ஒரு புள்ளி மட்டும் தெளிவாகவே நின்றது. மிளகளவு. அதைச் சுற்றிப் புகைபோல ஒன்று எழுந்தது, பரவியது, நாலு பக்கமும் இதழ் விரித்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

தகட்டைக் கழுவி, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போட்டு வெளியே கொண்டுவந்தேன். மயிலாத்தாள் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். “மறந்துட்டனுங்க. மூடிய மறந்தே போயிட்டன். ஒரு படத்தக் கெடுத்துட்டன்.”

“நான் நின்னிருந்தா மூடிய எடுத்தே இருக்க மாட்டன்” என்றேன். தகட்டைக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

டிசம்பர் 13, புதன்

“உள்ளயேதான இருந்தா?” என்று அக்காள் கேட்டாள்.

“உள்ளயேதான்” என்றேன்.

டிசம்பர் 20, புதன்

கோயமுத்தூர். இந்த ஒரு வாரத்தில் பதினாறு காகிதப் பிரதிகள் போட்டோம். ஒன்றை லாயோஷ் துரைக்கு, ஹங்கேரியில் அவருடைய பெஸ்ட் நகரத்து விலாசத்துக்கு அனுப்பினேன்.

பெரிய டாக்டர் துரை படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்! நேட்டிவ் கம்பவுண்டர் ஒருவன் தனியாளாய் எடுத்த படம் என்று மதராஸ் பத்திரிகைக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

சரி என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் நல்லது. உண்மையைச் சொன்னால் அக்காள் காதுக்குப் போகும். மயிலாத்தாளை எல்லோரும் ஏசுவார்கள். அவள் நன்மைக்காகத்தான் என் பெயர்.

1872 ஜனவரி 6, சனி

பத்திரிகை வந்தது. பன்னிரண்டு வரி! கடைவீதியில் தெரியாத மனிதர்கள் வணக்கம் சொல்கிறார்கள். வீட்டில் மயிலாத்தாள் வாசித்துக்காட்டச் சொன்னாள். இங்கிலீஷைத் தமிழாக்கி முழுவதும் வாசித்தேன். பெயர் வந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக.

“தனியாளுன்னா என்னங்க?” என்று கேட்டாள்.

“அது பத்திரிகைக்காரர் பாஷை” என்றேன்.

ஜனவரி 14, ஞாயிறு

ஹைஸ்கூல் தலைமை உபாத்தியாயர் திருவேங்கடாச்சாரியார் வீட்டுக்கே வந்தார். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நான் படத்தை வைத்துக்கொண்டு, முழுக் கிரகணத்தில் சூரியன் எப்படி இருந்தது என்று பேசவேண்டும். பெண்களுக்குத் தனியே தட்டி கட்டி இடம் விடுகிறார்களாம். ஒத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

“அப்போது சூரியன்” என்று எழுதி அடித்தேன். “அந்த இருளில்” என்று எழுதி அடித்தேன். கோயமுத்தூர் ஜில்லாவில் அன்று கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொருவனும் பார்த்ததை நான் மட்டும் பார்க்கவில்லை.

மயிலாத்தாளிடம் போய், “எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லேன், எழுதிக்கறன்” என்றேன்.

அவள் மாவாட்டுவதை நிறுத்தவில்லை. “பேப்பர்ல தனியாளுன்னு போட்டிருக்குதுங்களே. தனியாளத்தான் கேக்கோணும்.”

ஜனவரி 19, வெள்ளி

ஆறு பக்கம் எழுதிவிட்டேன். எல்லாம் பொய். நல்ல நடை.

ஜனவரி 20, சனி

சாயங்காலம் நாலு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. டாக்டர் துரை முன்வரிசையில். வக்கீல்கள், மாணவர்கள், பஞ்சு வியாபாரிகள். இடதுபுறம் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். அவர்களுக்கு நடுவே மயிலாத்தாள் இருந்தாள். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

படத்தைக் கைமாற்றி எல்லோரும் பார்த்தார்கள். ஆச்சாரியார் என்னை வானளாவப் புகழ்ந்தார். நான் எழுந்து ஆறு பக்கத்தையும் விரித்தேன். முதல் பாராவை வாசித்தேன். அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு வயசான பஞ்சு வியாபாரி கையைத் தூக்கினார்.

“தம்பி, எழுதுனது கெடக்கட்டும். நானும் அன்னிக்குப் பாத்தனுங்க. ஓரத்துல ஒரு நெறம் இருந்துச்சு. படத்துல அது இல்ல. நீங்க பாத்திருப்பீங்களே, அது என்ன நெறமுங்க?”

நான் காகிதத்தைப் பார்த்தேன். அதில் இல்லை. அவர் மரியாதையாகக் காத்திருந்தார். ஆறு பக்கத்தையும் மடித்து வைத்தேன்.

“நான் பாக்கலீங்க” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

“அந்த ரெண்டு நிமிஷமும் நான் கூடாரத்துக்குள்ள இருந்தன். தகட்டக் கழுவிப் படத்த எழுப்புனது மட்டுந்தான் நான். அதுவும் சுமாராத்தான் பண்ணுனன். தகடு ஊத்துனதும் படத்த எடுத்ததும் என்ற சம்சாரம். நான் இத்தன நாளாச் சொல்லல. சொல்லியிருக்கோணும்.”

டாக்டர் துரை, பக்கத்தில் இருந்தவரை மொழிபெயர்க்கச் சொன்னார். பின்வரிசையில் சலசலப்பு. ஆச்சாரியார் என்ன செய்வது என்று தெரியாமல் மணியை எடுத்தார், வைத்தார். நான் தட்டியின் பக்கம் திரும்பினேன். கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

தட்டியை விலக்கிக்கொண்டு அவளே வந்தாள். மேடைக்கு ஏறவில்லை, பெரியவருக்கு எதிரே போய் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கறுத்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

“செவப்புங்க. மாதுள முத்தாட்ட ரெண்டு புள்ளி. படத்துல நெறம் வராதுங்க, அதனால நான் சொல்றன். நடுவுல கறுப்பு. கரிக் கறுப்பு இல்லீங்க, கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா அடியில ஒண்ணு தெரியுமே, அந்தக் கறுப்பு. அதச் சுத்தியும் வெள்ள. காய் வெடிச்சுப் பஞ்ச நாலு பக்கமும் இழுத்து உட்டா எப்படி இருக்கும், அப்படி. ஆனா அசையவே இல்லீங்க. பகல்லயே வானத்துல மீனு தெரிஞ்சுது. அப்பறம் நான் சுத்தியும் பாத்தன். கெழக்கால, மேக்கால, தெக்கால, வடக்கால, நாலு தெசைக்கும் அடிவானத்துல சாயங்காலமா இருந்துச்சுங்க. ஒரே சமயத்துல நாலு சாயங்காலம்.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். “அதேதானாத்தா. அதேதான்.”

“பயமா இல்லீங்களாம்மா?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“பயந்தான். ஆனா கண்ண எடுக்க முடியில. மூடிய எடுக்கவே மறந்துட்டனுங்க. கூடாரத்துக்குள்ள இருந்து இவிய கத்தறாங்க, காதுல உழுகுது, கையி வரல.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், “புள்ளத்தாச்சி கெரணத்தப் பாக்கலாமாக்கும்?” என்றது.

மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். “பாத்தாச்சுங்க” என்றாள்.

டாக்டர் துரைதான் முதலில் கை தட்டினார்.

ஜனவரி 27, சனி

டாக்டர் துரை பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிவிட்டார். என் பெயருக்குப் பதில் அவள் பெயர். எழுத்துக்கூட்டித் தரச் சொன்னார். மயிலாத்தாள். ஆறு எழுத்து, இரண்டு தரம் சரிபார்த்தேன்.

அக்காளிடமிருந்து ஆள் வந்தது. அக்காள் இனி என் முகத்தில் விழிக்கமாட்டாளாம்.

மார்ச் 3, ஞாயிறு

எனக்குப் பயமில்லை. விஞ்ஞானத்தில் அப்படி எதுவும் கிடையாது. லைப்ரரியில் மூன்று புத்தகம் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

உதடு பிளந்த குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தாயிடம் கிரகணம் பற்றிக் கேட்டேன். வாசற்படிகூடத் தாண்டவில்லையாம். வீட்டில் இதைச் சொல்லவில்லை. மயிலாத்தாள் ஏழு தகடு ஊற்றினாள், ஏழும் சுத்தம்.

மே 28, செவ்வாய்

அக்காள் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டாள்! என்னிடம் பேசவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், “பிரசவத்துக்கு ஆளு வேண்டாமா? இவன நம்பியா உடறது?” என்று மயிலாத்தாளிடம் சொன்னாள்.

ஜூன் 5, புதன்

இன்று காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை.

நான் வாசலில் நின்றிருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் யாரும் வெளியே வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்: ஆறு மாதமாக நான் பயந்தேன். தினமும் பயந்தேன். புத்தகம் படித்தது அதற்காகத்தான்.

அக்காள் குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். என்னை நிற்கவைத்து, என் கண்முன்னாலேயே துணியை விலக்கிப் பார்த்தாள். உதடு. மேல்வாயில் விரல் விட்டுத் தடவினாள். காது இரண்டு. கை விரல் பத்து, கால் விரல் பத்து, ஒவ்வொன்றாய் எண்ணினாள். புரட்டி முதுகைப் பார்த்தாள். மறுபடி உதட்டைப் பார்த்தாள். குழந்தை கத்தித் தீர்த்தது.

“ஒண்ணும் இல்ல” என்றாள். ஏமாற்றமா சந்தோஷமா என்று சொல்லமுடியாத குரல். பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்தரமாக என்னைப் பார்த்துப் பேசினாள். “நம்ம அம்மா மூக்குடா தம்பி. பாரு, அப்படியே நம்ம அம்மா மூக்கு.” அழுதாள். நானும்தான்.

உள்ளே போனேன். மயிலாத்தாள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கண் மட்டும் பளபளத்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“ஏனுங்க, வெளிய வெயிலு எப்படி இருக்குது?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேகம் ஒன்றுமில்லை. வாசல் பூராவும் நல்ல வெள்ளை வெயில்.